தோளில் ஒரு பை: வாசகர் கேள்வி – பதில்

குறைந்த சுமையோடு மலையில் நடப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுள் நான்கிற்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 61. உத்தரகாண்டில் ஒரு வாரம் மலையில் நடக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால், ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய பொருள் பட்டியலைப் பார்த்ததும் மலைத்துப் போனேன். அவற்றையெல்லாம் வாங்கினால் பயணக் கட்டணத்தைவிட அதிகமாகும் போலிருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு இது எட்டாக்கனிதானா? — ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா. உங்களைவிட ஆறு வயது மூத்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த எம்மா கேட்வுட், பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகு, 1955ஆம் ஆண்டு தம் 67ஆம் வயதில், ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெயின் மாநிலம் வரை மலைத்தொடரின் மீதே செல்லும் அப்பலாச்சியன் நெடும்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் தூரம் அது. மே மாதம் புறப்பட்டவர் செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கூடாரம் கிடையாது. தாமே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, காலில் சாதாரண கேன்வாஸ் ஷூவுடன், மழைக்குக் குளியலறைத் திரையையும் குளிருக்கு ஒரு கம்பளியையும் வைத்துக்கொண்டே நடந்தார். முந்தைய ஆண்டு இதே பாதையை மெயின் பக்கத்திலிருந்து தொடங்கி, வழி தவறி, மூக்குக்கண்ணாடியும் உடைந்து, பாதைக் காவலர்கள் சொல்லி வீடு திரும்பியவர் அவர். அடுத்த ஆண்டு மீண்டும் கிளம்பியபோதும் அதிகப் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதற்காக அவருடைய பையை அப்படியே இமயத்துக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. அவர் நடந்த பாதை அவ்வப்போது ஊர்களை ஒட்டிச் செல்வது. நீங்கள் போகுமிடத்தில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் கணக்கிட்ட முறையைத்தான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தொட்டு, ‘இது இல்லாவிட்டால் எனக்கு என்ன நேரும்?’ என்று கேட்டுப் பாருங்கள். கூடாரமும் தூங்கும் பையும் ஏற்பாட்டாளர்களே தருவார்களா என்று எழுதிக் கேளுங்கள்; தருவார்கள் என்றால் அவற்றை வாங்க வேண்டாம். தடித்த குளிர் ஜாக்கெட்டும் ஊன்றுகோலும் பெரும்பாலும் மலையடிவார ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். உடை இரண்டு ஜோடி போதும்: ஒன்று பகலில் நடக்க, மற்றொன்று இரவில் உலர்ந்த உடம்போடு படுக்க. இரண்டாவது ஜோடியை எக்காரணம் கொண்டும் பகலில் நனைக்கக் கூடாது. பருத்தி, வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்றவுடன் உடம்பைக் குளிர வைத்துவிடும் என்பதால், விளையாட்டுப் பொருள் கடையில் விற்கும் சாதாரண பாலியெஸ்டர் டி-ஷர்ட்டே மேல். ஷூவை மட்டும் இரவல் வாங்காதீர்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, தினமும் போட்டு நடந்து காலுக்குப் பழக்குங்கள். உயரம் கூடக்கூட உடம்பு எப்படி இருக்கும் என்பதை மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கார், விடுதி, சுமை தூக்க ஆள் என்று எல்லா வசதியும் இருக்கும்போது, ஒரு சிறு பையோடு சிரமப்பட்டு நடப்பதில் அப்படி என்ன கிடைத்துவிடப் போகிறது? — ஒரு வாசகர், மதுரை

பதில்: போக முடியாத இடத்துக்கும் போக முடியும் என்பது முதல் பலன். கார்வால் இமயத்திலுள்ள நந்தாதேவிச் சிகரத்தைச் சுற்றி உயர்ந்த மலைகள் மதில்போல் வளைந்து நிற்கின்றன. உள்ளே விழும் தண்ணீரெல்லாம் வெளியேற ரிஷிகங்கை ஆறு அறுத்த ஒரே ஒரு குறுகிய பள்ளத்தாக்குத்தான் வழி. பல ஆண்டுகளாகப் பலர் முயன்றும் உள்ளே கால் வைக்க முடியாத அந்த இடத்துக்குள், 1934ஆம் ஆண்டில் எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்ற இரு ஆங்கிலேயர்களும், ஆங் தார்க்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களும் நுழைந்தார்கள். முந்தைய ஆண்டுதான் ஷிப்டன், நூற்றுக்கணக்கான சுமைகளோடு எவரெஸ்டுக்குச் சென்ற பெரிய குழுவில் இருந்து, அந்த முறையின் மீது வெறுப்படைந்து திரும்பியிருந்தார். செங்குத்தான பாறைச் சுவரில் கால் பதிக்க இடம் தேடித்தேடி நகர வேண்டிய வழியில் பெரும்படை என்ன செய்ய முடியும்? ஐந்து பேர் என்பதால் அவர்கள் விருப்பம்போல் வழியை மாற்றிக்கொள்ள முடிந்தது. அடுத்த ஆண்டு இதே சிக்கன முறையில் ஷிப்டன் எவரெஸ்ட் பகுதிக்குத் தலைமையேற்றுச் சென்ற குழு, 20,000 அடிக்கு மேற்பட்ட 26 சிகரங்களில் ஏறிவிட்டுத் திரும்பியது. 1936இல் டில்மனும் நோயல் ஓடலும் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியின் உச்சியை அடைந்தார்கள். 1950 வரை மனிதன் ஏறிய சிகரங்களில் அதுவே மிக உயர்ந்ததாக இருந்தது.

அதே நந்தாதேவிக்குப் பிற்காலத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். மரம் வெட்டப்பட்டது, குப்பை சேர்ந்தது. கடைசியில், 1983இல் அந்த உட்பகுதியே மலையேறுவோருக்கு மூடப்பட்டது. ஐந்து பேர் போன வழியையும் அதற்குப் பின் போன பெருங்கூட்டத்தையும் எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

இரண்டாவது பலனை நான் வெள்ளியங்கிரியில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏப்ரல் இரவில், பதினொரு கிலோ பையைச் சுமந்துகொண்டு ஏறிக்கொண்டிருந்தேன். படியைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை, ஏனென்றால் பையின் கனம் தலையைக் குனிய வைத்துவிட்டது. சுனையருகே ஒரு பாட்டியம்மா அமர்ந்திருந்தார். அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடி, ஒரு மஞ்சள் துணிப்பை. பைக்குள் மடித்த கம்பளி, டார்ச், கற்பூரம், சின்னத் தூக்குவாளியில் புளிச்சோறு. அவ்வளவுதான். சுனைத் தண்ணீரை இரு கைகளாலும் அள்ளிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “கண்ணு, அந்தப் பையை எறக்கி வெச்சுப்போட்டு ஒருக்கா திரும்பிப் பாரு.” திரும்பினேன். கீழே சமவெளி முழுவதும் விளக்குகள். இரண்டு மணி நேரமாக அவை என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கின்றன. பாட்டியம்மா தம் வாளியிலிருந்து ஒரு பிடி சோற்றை என் உள்ளங்கையில் வைத்தார். என் பையில் ஐந்து வகைத் தின்பண்டங்கள் இருந்தும், அந்த மலையில் எனக்கு நினைவிருக்கும் உணவு அதுதான். எல்லாவற்றையும் சுமந்து செல்பவருக்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டிய தேவையில்லை. அதனால் வழியில் யாரும் அவருக்குப் பழக்கமாவதும் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வழியோரத்தில் மோர் கொடுத்த வீட்டைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள்.

கேள்வி: எடையைக் குறைப்பது என்பது ஆபத்தை விலைக்கு வாங்குவது என்று வீட்டில் சொல்கிறார்கள். எதையெல்லாம் விடவே கூடாது? — ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: வீட்டில் சொல்வதில் உண்மை இருக்கிறது, என் தவறு ஒன்றையே சாட்சியாக வைக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் அக்டோபர் மாதம், காலையில் வெயில் தெளிவாக இருந்ததை நம்பி, முந்நூறு கிராம் மழைக்கோட்டை அறையிலேயே விட்டுவிட்டு நடக்கப் போனேன். பிற்பகலில் பிடித்த மழை நான்கு மணி நேரம் விடவில்லை. குளிரில் விரல்கள் விறைத்து, பையின் ஜிப்பைக்கூட என்னால் திறக்க முடியவில்லை. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் ஒரு குடும்பம் அடுப்பருகே உட்கார வைத்துக் கறுப்புத் தேநீர் கொடுத்திராவிட்டால் அன்று நிலைமை மோசமாகியிருக்கும். ஆகவே மழைக்கோட்டு, உலர்ந்த கம்பளிச் சட்டை ஒன்று, நெற்றியில் கட்டும் விளக்கு, தண்ணீர், ஒரு வேளைக்கு அதிகப்படியான உணவு, காயத்துக்கான மருந்து, விசில், தீப்பெட்டி ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். கைப்பேசியும் வேண்டும், அணைத்து, பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். எடையைக் குறைக்க வேண்டிய இடம் மாற்றுடை, அழகுப்பொருள், கனமான பவர் பேங்க், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுத்துக்கொள்ளும் இரண்டாவது ஜோடி ஷூ.

எடையே இல்லாத ஒன்றும் இருக்கிறது, அனுமதிச் சீட்டு. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்ததை மறந்துவிடாதீர்கள். காட்டில் தீ பிடிக்கும் பருவம் எது, யானை நடமாடும் இடம் எது என்பதெல்லாம் வனத்துறையினருக்கே தெரியும். 2024 முதல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தின்கீழ் தமிழக வனத்துறை இணையவழி முன்பதிவோடு வழிகாட்டிகளைத் தந்து அழைத்துச் செல்கிறது. முதன்முதல் போகிறவர் அந்த வழியில் போவதே நல்லது.

கேள்வி: பை எத்தனை கிலோ இருக்கலாம்? — ஒரு வாசகி, சேலம்

பதில்: மிகக் குறைந்த எடையோடு நெடுந்தொலைவு நடப்பவர்கள், உணவும் தண்ணீரும் நீங்கலாகப் பத்து பவுண்டு, அதாவது நாலரை கிலோவை எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். முதல் பயணத்தில் ஆறேழு கிலோ இருந்தாலும் பாதகமில்லை. கட்டிய பையைப் பழைய பேப்பர் கடைத் தராசின் கொக்கியில் மாட்டி எடை பாருங்கள். திரும்பி வந்ததும் உள்ளே இருந்தவற்றைத் தரையில் கொட்டி, தினமும் பயன்பட்டவை, ஒருமுறை பயன்பட்டவை, தொடாதவை என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். விடவே கூடாது என்று மேலே சொன்னவற்றைத் தவிர, மூன்றாம் குவியலில் உள்ள எதுவும் அடுத்த முறை வர வேண்டாம். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. அடுத்த சுனை எங்கே, அதில் இப்போது தண்ணீர் வருகிறதா என்று உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்துவிட்டுப் பாட்டிலை நிரப்புங்கள்.