டகேடா மலைக்கோட்டை: கேள்வி பதில்

கேள்வி: மேகங்களின் மேல் மிதப்பதுபோல் படங்களில் வரும் டகேடா கோட்டையைக் கட்டியவர் யார்?

பதில்: ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், அசாகோ நகரில், சுமார் 353 மீட்டர் உயர மலையுச்சியில் இது உள்ளது. அப்பகுதியை ஆண்ட தலைவர் யமானா சோசென் 1431-இல் கட்டத் தொடங்கி, தமக்குக் கீழிருந்த ஓட்டாகாகி குலத்தாரிடம் ஒப்படைத்தார் என்பது வழிவழிச் செய்தி. ஆனால் இன்று நிற்கும் கல்மதில்களை அவர் கணக்கில் எழுதிவிட வேண்டாம். அக்கால மலைக்கோட்டை என்பது பெரும்பாலும் மண்ணை வெட்டித் தளமாக்கி, அகழும் மரவேலியும் அமைத்த காவலிடமே. சாந்து பூசாமல், அதிகம் செதுக்காத பெருங்கற்களை அடுக்கி, இடுக்குகளில் சிறுகற்களைச் செருகி, மழைநீர் உட்புறச் சல்லி வழியே வடியும்படி எழுப்பும் அனோ கல்தச்சர் முறை, ஜப்பானின் பெரும்பகுதியை வென்ற போர்த்தலைவர் ஓடா நொபுனாகா 1576-இல் அசுச்சிக் கோட்டையைத் தொடங்கிய பின்னரே பரவலாயிற்று. நொபுனாகாவின் படைத்தலைவராக இருந்து பின்னர் ஜப்பானின் ஆட்சியைப் பிடித்த ஹிடெயோஷியின் தம்பி ஹிடெநாகா 1577-இல் படையெடுத்து, 1580-இல் டகேடாவை முற்றாக வசப்படுத்தினார். 1585-இல் அகமாட்சு ஹிரோஹிடே இதன் தலைவரானார். வடக்கு தெற்காக ஏறத்தாழ 400 மீட்டரும் கிழக்கு மேற்காக 100 மீட்டரும் விரியும் மதில்கள் அவர் காலத்தவை. ஆண்டுக்கு 22,000 கோகு (ஒரு கோகு சுமார் 180 லிட்டர்) அரிசி வருவாய் உள்ள சிறு தலைவர் தனியே தாங்கக்கூடிய செலவன்று இது. அருகிலுள்ள இகுனோ வெள்ளிச் சுரங்கத்தைக் கைவிட விரும்பாத ஹிடெயோஷியின் ஆதரவு இதில் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மதில் மூலைகளை அருகில் சென்று பாருங்கள். நீண்ட கல்லின் நெடும்பக்கம் ஒரு வரிசையில் இடப்புறமும் அடுத்த வரிசையில் வலப்புறமும் மாறி மாறி விழுந்து, மூலையைப் பூட்டியிருக்கும். பார்த்தால் போதும், ஏற வேண்டாம்.

கேள்வி: புகழ்பெற்ற டகேடா ஷிங்கென் இங்கிருந்துதான் ஆண்டாரா?

பதில்: இல்லை. அவர் காய் நாட்டின் (இன்றைய யமனாஷி மாகாணம்) போர்த்தலைவர். பெயர் ஒலிப்பைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை.

கேள்வி: மேகக்கடலைக் காண எங்கே நிற்க வேண்டும்?

பதில்: இலையுதிர்கால விடியலில் மருயாமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் எழும் மூடுபனியே அந்த மேகக்கடல். கோட்டைக்குள் நின்றால் கோட்டை மிதப்பது தெரியாது. எதிர்மலையிலுள்ள ரிட்சுன்கியோவுக்குச் செல்லுங்கள். கோட்டைக்கே போவதானால், மதில்மேல் ஏறாதீர்கள்.

கேள்வி: கோட்டை ஏன் கைவிடப்பட்டது?

பதில்: ஹிடெயோஷி இறந்தபின் ஆட்சிக்காக 1600-இல் மூண்ட போரில், ஹிரோஹிடே முதலில் டோகுகாவா இயெயாசுவை எதிர்த்த மேற்கு அணியில் சேர்ந்து தனாபே கோட்டை முற்றுகையில் பங்கேற்றார். செகிகஹாராவில் அவ்வணி தோற்றதும் இயெயாசுவின் பக்கம் சாய்ந்து, கமெய் கொரெனோரியுடன் டொட்டோரிக் கோட்டையைத் தாக்கினார். அப்போது கோட்டையடி ஊர் தீக்கிரையானது. அப்பழி ஹிரோஹிடேயின் மேல் விழ, இயெயாசுவின் ஆணைப்படி அவர் தம் வயிற்றைக் கிழித்து உயிர்விட்டார். அத்துடன் டகேடாவும் கைவிடப்பட்டது.

கேள்வி: ஊரை எரித்தவருக்குத் தண்டனை. "பழி விழ" என்று ஏன் பரிவுடன் எழுதுகிறீர்கள்?

பதில்: ஒரே முற்றுகையில் இருவர் இருந்தனர், ஒருவர் உயிரை இழந்தார், மற்றவருக்குக் கூடுதல் நிலம் கிடைத்தது. எரிக்கும் யோசனையே கமெய்யுடையது என்றொரு மரபும் உண்டு. அதை மெய்ப்பிக்கப்பட்ட உண்மையாக நான் வைக்கவில்லை. தொடக்கம் முதலே இயெயாசுவின் பக்கம் நின்றவரையும் நேற்றுவரை எதிரணியில் இருந்தவரையும் அன்றைய அரசியல் ஒரே தராசில் நிறுத்தியிருக்காது என்பதே என் வாதம்.

கேள்வி: ஹிரோஹிடே கல்விமான் என்பதால் தாங்கள் சாய்கிறீர்கள்.

பதில்: அவர் கன்பூசிய அறிஞர் ஃபுஜிவாரா செய்காவின் நண்பர், சிறைப்பட்டு வந்த கொரிய அறிஞர் காங் ஹாங்கை ஆதரித்தவர். கன்பூசிய நூல்களைப் போற்றியவர் ஊரை எரிக்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஹிரோஹிடே தீ வைத்திருக்கலாம். அப்படியாயினும், உடனிருந்த கமெய் ஏன் கேள்வியின்றித் தப்பினார் என்பதற்குத் தங்களிடமிருந்து இன்னும் விடை வரவில்லை.

கேள்வி: ஷிங்கென் எந்தப் பகுதியில் தங்கியிருந்தார்?

பதில்: இரண்டாம் பதிலைப் படிக்கவும்.

கேள்வி: நிஞ்ஜாக்கள் இருந்தார்களா?

பதில்: நிஞ்ஜாக்களுக்குப் பேர்போன இகா பகுதியை ஆராய்ந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: உயர்ந்த மதில்மேல் நின்று படம் எடுக்கலாமா?

பதில்: கூடாது என்று இருமுறை எழுதிவிட்டேன். 1943 முதல் இது தேசிய வரலாற்றுச் சின்னம். பார்வையாளர்கள் பெருகி மண் தேய்ந்ததால்தான் நடைபாதைகளில் விரிப்புகள் போடப்பட்டுள்ளன. அவற்றை விட்டு விலகாமல் நடக்கவும்.