கோடை மழைக்குப் பின் தொழுவத்தில் உண்ணி பெருகுவது ஏன்?

பெங்களூரில் சனவரியில் அடங்கியிருந்த உண்ணி, மே மாத மழைக்குப் பின் உங்கள் தொழுவத்தில் பெருகுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டுண்ணி ஏறத்தாழ மூன்று வாரங்களையே மாட்டின் மேல் கழிக்கிறது. மாட்டின் உடல்வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால், அந்தக் காலத்தைப் பருவம் அதிகம் பாதிப்பதில்லை. பருவத்துக்குக் கட்டுப்படுவது, இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தீவனத் தொட்டியின் அடியிலும் 2,000 முதல் 3,000 முட்டைகள் வரை இட்ட பிறகு வரும் கட்டமே. சுமார் 28 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதமும் போதுமானால், அவை மூன்று வாரங்களில் பொரிகின்றன. 20 டிகிரியில் ஏறக்குறைய இருமடங்கு காலம் ஆகலாம். வறண்ட காற்றில் முட்டைகள் காய்ந்துவிடும் என்பதால், ஏப்ரல் வெயில் மட்டும் போதாது, மழையின் ஈரமும் சேர வேண்டும். டெல்லியின் சனவரிக் குளிர் இந்தச் சுழற்சியை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. பெங்களூரின் மிதமான குளிரோ, அதுவும் மாடுகளின் மூச்சாலும் சாணத்தாலும் வெதுவெதுப்பாகவே இருக்கும் தொழுவத்துக்குள், அதை மெதுவாக்குவதோடு சரி.

ஆகவே, மாட்டின் மேல் மட்டும் மருந்து தெளிப்பது பாதி வேலைதான் என்பது என் உறுதியான கருத்து. பிப்ரவரியிலேயே வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். கறவை மாடுகள் என்பதால், மருந்தின் அளவையும், மறுபடி தெளிக்க வேண்டிய இடைவெளியையும், பாலை ஒதுக்க வேண்டிய நாட்களையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே தெளியுங்கள்.