வாசகசாலைப் பேச்சுக்கு: தேங்காயில் ஆரம்பிங்க

டீச்சர், கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில ‘கணக்கும் சமூகமும்’னு ஒரு மணி நேரம் பேசணும், வர்றவங்க முக்கால்வாசி விவசாயிங்க, தூங்கிடுவாங்களோன்னு கேட்டிருந்தீங்க. தொகுதி மறுவரையறையை எடுங்க, அதாவது மக்கள்தொகைப்படி எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. இடம்னு திரும்பப் பிரிக்கிறதை. தூக்கம் வராது, சண்டை வேணா வரும்.

முதல்ல தேங்காய். மூணு வீடு, ஆள் 6, 6, 2. பத்துத் தேங்காயை ஆள்கணக்குல பிரிச்சா 4.29, 4.29, 1.43. முழு எண்ணைக் கொடுத்துட்டு, மிச்சமான ஒண்ணைப் பின்னம் பெரிசா இருக்கிற வீட்டுக்குக் கொடுத்தா 4, 4, 2. இப்போ பதினொண்ணு வைங்க: 4.71, 4.71, 1.57. மிச்சம் ரெண்டும் பெரிய வீடுகளுக்குப் போயிடும்: 5, 5, 1. தேங்காய் கூடிச்சு, சின்ன வீட்டுக்குக் குறைஞ்சுது! யாரையாவது எழுப்பிப் போர்டுல போடச் சொல்லுங்க. நீங்களே போட்டா நம்ப மாட்டாங்க.

வீட்டுக்குப் பதிலா மாநிலம், தேங்காய்க்குப் பதிலா எம்.பி. இடம்னு வைங்க. 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வச்சு அமெரிக்காவுல இதே கூத்து: பிரதிநிதிகள் சபையில மொத்தம் 299 இடம்னா அலபாமா மாநிலத்துக்கு 8, 300னா 7.

அப்புறம் நம்ம ஊர். மக்களவை இடப்பங்கீடு இன்னும் 1971 மக்கள்தொகைப்படிதான். 2011 கணக்குல ஒரு எம்.பி.க்குக் கேரளாவுல சுமார் 16.7 லட்சம் பேர், தமிழ்நாட்டுல 18.5, உத்தரப்பிரதேசத்துல 25.

‘எந்த முறைதான் சரி?’னு கட்டாயம் கேப்பாங்க. ஆள்கணக்குல வர்ற பங்கை ஒட்டியே (4.29னா 4 இல்ல 5) இடம் கொடுத்து, வேகமா வளர்ற மாநிலம் மெதுவா வளர்றதுகிட்ட இடத்தை இழக்காமலும் பாத்துக்கிற முறையே கிடையாதுன்னு பாலின்ஸ்கி, யங்னு ரெண்டு கணித அறிஞர்கள் நிரூபிச்சிட்டாங்க. நிரூபணம் வேண்டாம், சேதி போதும்.

ஸ்லைடு தவிர்த்திடுங்க. கட்சிப் பேரை யாராவது இழுத்தா, மறுபடி தேங்காய்க்கு வந்துடுங்க.