நிலவைத் திட்டுவதற்கு ஒரு பெயர்: கேள்வி பதில்

கேள்வி: குறவஞ்சி என்ற பாட்டு நாடகத்தில் ‘சந்திரோபாலம்பனம்’ என்று வருகிறதே, அப்படியென்றால் என்ன ஐயா? வாயிலேயே நுழையவில்லை.

பதில்: பிரித்தால் நுழையும். சந்திர + உபாலம்பனம். உபாலம்பனம் வடசொல், குறைசொல்லிப் பழித்தல். காதல் நோயில் கிடப்பவள் நிலவைத் திட்டுவதற்குத்தான் இந்தப் பெயர். தயவுசெய்து நடுவில் ‘பாலம்’ போடாதீர்கள்.

கேள்வி: குளிர்ந்த நிலா எப்படிச் சுடும்?

பதில்: இதை யாராவது கேட்கமாட்டார்களா என்றிருந்தேன். தமிழில் வெயிலும் காயும், நிலாவும் காயும். காய்ச்சலில் உடம்பு காயும். சினப்பதற்கும் பழைய சொல் காய்தல்தான். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் தலைவி வசந்தவல்லி இந்த ஒரு வினையை வைத்தே வெண்ணிலாவை மடக்குகிறாள்: பாற்கடலில் அமுதத்தோடு பிறந்தவன் நீ, அந்தக் குளிர்ச்சி எங்கே போயிற்று? ஒரு பெண்ணோடும் பிறந்தாயே, என்னைக் காயலாமா? கூடப் பிறந்தவள் திருமகள். இதில் வேடிக்கை, வசந்தவல்லி ஏங்குவது குற்றாலநாதரான சிவனுக்காக. திட்டு வாங்குகிறவன் காதலர் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறான்!

கேள்வி: பசலை என்பதும் நிலா சம்பந்தப்பட்டதா?

பதில்: இல்லை. பசுமை, பசப்பு எல்லாம் ஒரே குடும்பம். பிரிவில் மேனி நிறம் மாறுவது பசலை.

கேள்வி: மதிமயக்கம்?

பதில்: அங்கே மதி அறிவு. நிலா இல்லை.

கேள்வி: சொல் வடமொழி என்றால் வழக்கமும் இரவல்தானே?

பதில்: பெயர் இரவல், சரி. திட்டு நம்மிடம் முன்பே இருக்கிறது. சங்கப் பாட்டான குறுந்தொகை 47: வேங்கைப்பூ உதிர்ந்த பாறை புலிக்குட்டிபோலத் தோன்றும் காட்டு வழியே, இரவில் களவாக வருகிறவனுக்கு ‘நல்லை அல்லை, நெடுவெண்ணிலவே’, அதாவது நீ நல்லவன் இல்லை என்கிறாள் தலைவியின் தோழி.

கேள்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அங்கே நிலா யாரையும் சுடவில்லையே? வெளிச்சம்தானே தொல்லை?

பதில்: நல்ல பிடி. ஆமாம், அந்த நிலா காட்டிக்கொடுக்கிற நிலா. ஆனால் உபாலம்பனத்துக்குச் சூடு எதற்கு? பழிப்பு போதும்.

கேள்வி: திட்டுகிறவள் தோழி. நோய் அவளுக்கில்லையே?

பதில்: அதை ஒப்புக்கொள்கிறேன். குறவஞ்சியின் உறுப்பாக வைத்தால் தலைவிதான் திட்ட வேண்டும். அப்போதும் தோழியின் பாட்டை அதன் பாட்டி என்பேன்.

கேள்வி: பாட்டி என்றால் வம்சம் காட்ட வேண்டுமே ஐயா?

பதில்: சரி, பெரியம்மா. இதற்குமேல் இறங்கமாட்டேன்.

கேள்வி: பசலை நிலாவின் நிறம்தானே?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: சந்திரோ பாலம் பனம் என்று பிரித்தால்...

பதில்: மேலே. முதல் பதில்.