பூவுக்கு வரலக்கா, இலைக்கு வருது

சேலம் அஸ்தம்பட்டிலருந்து ஒரு அக்கா போட்டோ அனுப்பிருக்காங்க. காம்பவுண்ட் கம்பிவேலில தானா ஒரு கொடி ஏறிருக்கு, பூ குட்டி ஊதுகுழல் மாதிரி, கருப்பும் சிவப்புமா பட்டாம்பூச்சி நாளெல்லாம் சுத்துது, இப்ப பாத்தா இலை பூரா புழு, பக்கத்து வீட்ல மருந்தடிங்கறாங்க, மாமியார் பாம்புக்கடிக்கு நல்லதுன்னு வெச்சுக்க சொல்றாங்க, இது என்ன கொடி, என்ன பண்றதுன்னு கேட்டிருக்காங்க.

அக்கா, மொதல்ல மருந்து டப்பாவ கீழ வைங்க. இது ஈஸ்வரமூலி, கருடக்கொடின்னும் சொல்லுவாங்க, தாவரவியல் பேரு அரிஸ்டலோக்கியா இண்டிகா. வாசல்ல கட்டித் தொங்கவிடுற ஆகாச கருடன் கிழங்கு வேற, அதோட கொழப்பிக்காதீங்க. ஆடுதீண்டாப்பாளை இதுக்கு பங்காளி, ஆனா அது தரையில படரும், இது மேல ஏறும்.

பூவ கிட்டக்க பாருங்க, அடியில வெளிர்பச்சையா ஒரு உருண்டை, அதுலருந்து குழாய், நுனில கருஞ்சிவப்பா ஒரு நாக்கு நீண்டிருக்கும். காய் காஞ்சு வெடிச்சா காம்பும் ஆறு கயிறா பிரிஞ்சு அப்படியே உறி மாதிரி தொங்கும், உள்ள தட்டை விதை. அத பாத்துட்டா வேற சந்தேகமே வேண்டாம்.

இப்ப முக்கியமான விஷயம், அந்தப் பட்டாம்பூச்சி பூவுக்கு வரல. பூவுக்குள்ள போறது பொடி ஈ, குழாய்ல இருக்கற மயிரெல்லாம் உள்பக்கமா சாஞ்சிருக்கறதால போன ஈ திரும்ப முடியாது, அது கொண்டுவந்த மகரந்தம் ஒட்டினப்புறம்தான் பூ தன்னோட மகரந்தத்த அவுத்துவிடும், மயிர் வாடும், ஈ மேலெல்லாம் பவுடரோட வெளிய வரும். பட்டாம்பூச்சிக்கு இலைதான் வேணும். ஒரு காலை நேரம் உக்காந்து பாருங்க, றெக்கைய படபடன்னு அடிச்சுக்கிட்டே முன்னங்காலால இலைய தட்டிப் பாத்து, வயித்த வளைச்சு முட்டை வெச்சுட்டுப் போகும். உங்க வீட்டுக்கு வர்றது பெரும்பாலும் கிரிம்சன் ரோஸ், இல்லனா காமன் ரோஸ்ங்கற பட்டாம்பூச்சி, ரெண்டுக்குமே புழுவா இருக்கறப்ப சாப்பாடு இந்த அரிஸ்டலோக்கியா வகைங்கதான். இலையில இருக்கற விஷம் புழு உடம்புல சேந்து, றெக்கை மொளைச்சப்புறமும் இருக்கும், அதனாலதான் குருவி இத தொடறதில்ல.

இதுல ஒரு போலியும் உண்டு. காமன் மார்மன்னு இன்னொரு பட்டாம்பூச்சி, அதுல பொம்பளைப் பூச்சிங்கள்ல சிலது றெக்கைய அப்படியே இவங்கள மாதிரி வெச்சுக்கிட்டு திரியும், விஷம் ஒண்ணும் கிடையாது, சும்மா பாவ்லா. உடம்ப பாருங்க, ரோஸுக்கு சிவப்பு, மார்மனுக்கு கருப்பு. அது உங்க கறிவேப்பிலைலயும் எலுமிச்சைலயும்தான் முட்டை வெக்கும், இந்தக் கொடி பக்கம் அதுக்கு வேலை இல்ல.

மாமியார் சொன்னதுக்கு வர்றேன். வேண்டவே வேண்டாம். இந்தக் கொடி இனத்துல இருக்கற அரிஸ்டலோக்கிக் ஆசிட் கிட்னிய காலி பண்ணும், கேன்சரும் வர வெக்கும். பெல்ஜியத்துல ஒடம்பு எளைக்க சாப்ட்ட மாத்திரைல இதோட சொந்தக்கார செடி கலந்து நெறைய பேருக்கு கிட்னி போனது 1993ல வெளிய வந்துச்சு. கஷாயம், பொடி எதுவும் கூடாது. பாம்பு கடிச்சா நேரா ஜிஎச், வேற எங்கயும் நிக்காதீங்க. தொட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா சின்னக் குழந்தை இருந்தா வாயில வெக்காம பாத்துக்கங்க.

புழு கொடிய மொட்டையடிச்சாலும் வேர்லருந்து திரும்ப துளுக்கும், பக்கத்து செடிக்கும் போகாது, கறிவேப்பிலைய தொடாது. வளந்த பூச்சிக்கு தேன் வேணும்னா பக்கத்துல இட்லிப்பூ வைங்க. உண்ணிச்செடி வேண்டாம், ஏற்காட்டு மலைய அது புடிச்சு வெச்சிருக்கறது போதும்.

உங்க போட்டோல புழு சரியா தெரியல. முதுகு நடுவுல குறுக்கா வெள்ளைப்பட்டை இருந்தா காமன் ரோஸ், இல்லனா பெரும்பாலும் கிரிம்சன் ரோஸ். இலைய திருப்பி கிட்டக்க ஒண்ணு எடுத்து அனுப்புங்க, தொந்தரவு பண்ணா தலைலருந்து ஆரஞ்சு கொம்பு நீட்டும், பயந்துராதீங்க.