படிக்காமல் போட்ட கையெழுத்து

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். மகன் தனியார் கல்லூரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. பங்குச் சந்தையில் ஆப்ஷன் வர்த்தகம் (விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடுவது) செய்து 38,000 ரூபாயைத் தொலைத்திருக்கிறான். அதை ஈடுகட்ட இரண்டு கடன் செயலிகளில் கடன் வாங்கியிருக்கிறான். மிரட்டல் வந்த பிறகுதான் எங்களிடம் சொன்னான். இவனுக்கு யார் இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார்களோ, தெரியவில்லை. வீட்டுக் கஷ்டம் எதுவும் பிள்ளைகள் காதில் விழாமல்தான் வளர்த்தோம். கல்விக் கடன் வாங்கியபோதுகூட, ‘கையெழுத்தை மட்டும் போடு, மற்றதை அப்பா பார்த்துக்கொள்கிறேன்’ என்றேன். மகளால் தொந்தரவு இல்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கிறாள். புதுமைப் பெண் பணம் வரும் அவளுடைய கணக்கின் ஏடிஎம் அட்டையை நானே வைத்திருக்கிறேன். பணத்தைக் கையாளக் கற்றுத்தரும் நல்ல புத்தகமோ வகுப்போ சொல்ல முடியுமா? மகனுடைய கைபேசியைப் பிடுங்கிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் மிரட்டல். இன்றைக்கே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். வந்த செய்திகளை அழித்துவிடாமல் வைத்திருங்கள். கடன் செயலிகள் கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்பது 2022-இலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. செயலிக்குப் பின்னால் எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் இருக்கிறது என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்திலும் புகார் கொடுங்கள். ஒரு செயலியின் கடனை அடைக்க மகனை இன்னொரு செயலிக்குப் போகவிடாதீர்கள். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமே என்கிற பயத்தை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். அந்தப் பயம் உங்கள் வீட்டில் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது.

ஆப்ஷன் வர்த்தகத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டப்பட்டிருக்கிறார்கள். சராசரி நட்டம் ஆளுக்கு ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். அதை அவனிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தினமும் வேண்டாம்.

உங்களுக்கு உடனே பதில் எழுத வைத்தது வேறு ஒரு வரி. ‘கையெழுத்தை மட்டும் போடு.’

இந்தக் காட்சியை வங்கிக் கிளைகளில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் பதறியிருக்கிறது. அதிகாரி பக்கங்களைப் புரட்டுவார். அப்பா விரல் வைத்துக் காட்டுவார். பையனோ பெண்ணோ நின்றபடியே போட்டுக்கொண்டு போவார்கள். எதில் போடுகிறோம் என்று பிள்ளை கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. கே., அந்தத் தாளில் கடன் வாங்குபவர் உங்கள் மகன். நீங்கள் அவனோடு சேர்ந்து பொறுப்பேற்பவர். பதினெட்டு வயதுக்குப் பிறகு அவன் போட்ட முதல் பெரிய கையெழுத்து அநேகமாக அதுதான். அதைப் படிக்காமல் போடும்படி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். பிறகு ஒருநாள் ஒரு செயலி ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானைக் காட்டியது. படிக்காமல் அதைத் தொட்டான். இவனுக்கு யார் இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள் என்று என்னிடமா கேட்கிறீர்கள்?

உங்களைப் புண்படுத்த இதை எழுதவில்லை. மூன்று ஷிப்டு ஓடும் ஆலையில் நின்று சம்பாதித்து, அந்தப் பாரத்தைப் பிள்ளைகள் தோளில் ஏற்றக் கூடாது என்று நினைத்தீர்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். அந்த அன்பால் விளைந்ததைத்தான் மதிக்க முடியவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் நான்கு லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். தவணை தொடங்கும்போது முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. ஆக வட்டி மட்டும் 1,40,000. வாங்கியது நான்கு லட்சம், அடைக்கத் தொடங்கும் நாளில் நிற்பது 5,40,000. பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 7,100 ரூபாய். முதல் வேலையில் சேர்ந்து, ஊர் விட்டு ஊர் போய், அறை வாடகையும் மெஸ் பணமும் கட்டும் பையனுக்கு 7,100 எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கு இன்று தெரியுமா? குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும்வரையிலான வட்டிக்கு ஒன்றிய அரசின் மானியம் உண்டு. கல்லூரி, படிப்பு சார்ந்த நிபந்தனைகளும் உண்டு. வங்கியில் கேட்டீர்களா? கேட்கும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனே கேட்கட்டும்.

பள்ளி விடுமுறைகளில் அருப்புக்கோட்டையில் சித்தப்பா வீட்டுக்குப் போவேன். அவருக்குப் பலசரக்குக் கடை. இரவு கடை சாத்திய பிறகு, அன்றைய சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றும் வேலை பிள்ளைகளுக்கு. நான் வாசிப்பேன், சித்தப்பா மகன் எழுதுவான். மண்டிக்கு எவ்வளவு பாக்கி, வங்கிக்கு எவ்வளவு, எந்த வீட்டுப் பற்று எத்தனை மாதமாக நிற்கிறது என்று எல்லாம் எங்களுக்குத் தெரியும். பேரேட்டில் பார்த்தது வாசற்படியைத் தாண்டக் கூடாது என்ற ஒன்றுதான் கட்டளை. பற்று வைத்தவர் வீட்டுப் பெண் எங்களோடு தாயம் ஆடுவாள். ஒரு சொல் எங்கள் வாயிலிருந்து வந்ததில்லை. அந்த வயதுக்கு அது பெரிய மரியாதை. சித்தப்பா மகனான அந்தத் தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். தீபாவளிக்கு எதையும் கேட்கவில்லை. பொங்கல் கழிந்து மண்டிப் பாக்கி தீர்ந்ததை அவனே எழுதினான். மறுநாள் சைக்கிள் கேட்டான். சித்தப்பா வாங்கிக் கொடுத்தார். எப்போது கேட்கக் கூடாது என்று அறிந்த பிள்ளைக்கு எப்போது கேட்கலாம் என்றும் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஒருநாள் அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லை, மஞ்சள் கயிறு இருந்தது. மெருகு போடக் கொடுத்திருக்கிறது என்றார்கள். மாதங்கள் போயின. அடகுக் கடையிலிருந்து ஏல அறிவிப்பு வந்தபோது தபால்காரரிடம் வாங்கியவள் நான். படித்தேன், மேசையில் வைத்தேன். யாரும் எதுவும் பேசவில்லை. நகை மூழ்கிவிட்டது என்று இரவில் அப்பா அம்மாவிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அதிலிருந்து நாங்கள் சிக்கனம் கற்றுக்கொண்டோமா? இல்லை. பணம் என்றால் விளக்கணைத்த பிறகு தாழ்ந்த குரலில் பேசுவது என்று கற்றுக்கொண்டோம். என் அண்ணன் நல்ல சம்பளக்காரர். வாங்கிய கடன்களைப் பல ஆண்டுகள் அண்ணியிடம் மறைத்தார். வட்டி கட்ட முடியாமல் போனபோதுதான் அது வெளியே வந்தது. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்து வளர்ந்ததைத்தான் செய்தார். உங்கள் மகனும் மிரட்டல் வரும்வரை சொல்லாமல்தானே இருந்தான்?

இப்போது உங்கள் மகள். மகளால் தொந்தரவு இல்லை என்று எழுதிய கையோடு அவளுடைய அட்டை உங்களிடம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய திட்டம் அது. பணம் அவள் கணக்கிலேயே நேராக வந்து விழுகிறது. அது அவள் பணம். அதை அவள் கைக்குப் போகாமல் மறித்து நிற்கிறீர்கள். மாதம் தவறாமல் வந்தால் மூன்றாண்டில் 36,000. உங்கள் மகன் தொலைத்ததைவிட 2,000 குறைவு. தொலைத்தவனிடம் பறிக்காததை, ஒரு தவறும் செய்யாதவளிடம் முன்கூட்டியே பறித்திருக்கிறீர்கள். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்த வங்கிகள் இடம் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் மறுபடியும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பி.காம். படிக்கும் பெண்ணுக்குத் தன் ஆயிரம் ரூபாயை எடுக்க அப்பாவிடம் அட்டை கேட்டு நிற்க வேண்டுமா? முதல் இரண்டு மாதம் வளையலுக்கும் ஐஸ்கிரீமுக்கும் செலவழிக்கட்டும். மூன்றாம் மாதம் பஸ்ஸுக்குப் பணம் இல்லாமல் நிற்கட்டும். வீட்டுச் சோறு இருக்கும்போது, ஆயிரம் ரூபாயில் செய்துவிட வேண்டிய தவறுகள் அவை. இன்று இரவே அட்டையை அவளிடம் கொடுங்கள்.

புத்தகம், வகுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிடைப்பதைப் படிக்கட்டும், தடையில்லை. கைபேசியைப் பிடுங்க வேண்டாம். அவன் வளர்ந்த ஆண்மகன். பிடுங்கினால் இன்னொன்று வாங்க இன்னொரு கடன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட பிறகு நான்கு பேரும் உட்காருங்கள். பசியோடு பணக் கணக்கு பேசினால் சண்டையில் முடியும். உங்கள் சம்பளச் சீட்டு, கல்விக் கடன் கணக்கு அறிக்கை, நகைக்கடன் ரசீதுகள், சீட்டு நோட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். உங்கள் மனைவி கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டில் எத்தனை பவுன் இருக்கிறது, அடகில் எத்தனை இருக்கிறது என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும். மகள் எழுதட்டும், மகன் வாசிக்கட்டும். கடன் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து அவன் வாய்விட்டே படிக்கட்டும், புரியாத இடத்தில் நிறுத்தட்டும். உங்களுக்கும் புரியவில்லையென்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை வங்கியில் கேட்டுக்கொள்ளலாம். கடைசியில் அந்த 38,000-க்கு அவன் பெயரில் ஒரு பக்கம் திறங்கள். மாதம் எவ்வளவு தருவான், எந்த வேலை செய்து தருவான் என்பதை அவனே சொல்லட்டும். 500 என்றாலும் ஒப்புக்கொள்ளுங்கள். வட்டி போடாதீர்கள்.