இனிய என்றால், இனிய என்ன?

வணக்கம்.

அடுத்த மாதம் எங்களுக்கு முதல் குழந்தை. பெண் என்றால் இனியா, பையன் என்றால் இனியன் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. “இனிய என்பது அடைமொழி. இனிய சொல், இனிய நாள் என்று பின்னால் ஏதாவது வரவேண்டும். அடைமொழியை மட்டும் வைத்தால் பெயர் அந்தரத்தில் நிற்கும்” என்கிறார். பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தால் ஒன்றில் ‘இனிமையானவள்’ என்றும் இன்னொன்றில் ‘எதிர்காலம்’ என்றும் இருக்கிறது. எதை நம்புவது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் இருவருக்கும் வாழ்த்துகள்.

அண்ணனிடம் நூறாவது குறளைக் காட்டுங்கள். “இனிய உளவாக இன்னாத கூறல்” என்று தொடங்கும். அங்கே ‘இனிய’வுக்குப் பின்னால் எந்தப் பெயர்ச்சொல்லும் இல்லை. இனிய சொற்கள் என்று நாம் புரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். சொல் தன் காலிலேயே நிற்கிறது.

இனியன், இனியள் இன்னும் நிறைவானவை. ‘அவன் இனியன்’ என்றால் அது முழு வாக்கியம். ‘இனியன்’தான் அதன் பயனிலை, இலக்கணத்தில் குறிப்பு வினைமுற்று என்பார்கள். ‘இனியன் வந்தான்’ என்றால் அதே சொல் எழுவாய் ஆகிவிடுகிறது. பெயரும் அதுவே, அந்தப் பெயருக்கு உரியவனைப் பற்றிய சேதியும் அதுவே. பள்ளியில் வருகைப் பதிவுக்குக் கூப்பிடும்போதுகூட உங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லப்படுகிறது. இந்த வகைப் பெயர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, காரணம் இதுதான்.

இது புதுப் பழக்கமும் இல்லை. தொல்காப்பியம் காட்டுக்கும் மலைக்கும் சொல்லும் தெய்வங்கள் மாயோனும் சேயோனும். கரியவன், சிவந்தவன் என்று பொருள். இரண்டுமே நிறத்தைச் சொல்லும் சொல்லில் பிறந்த பெயர்கள். சங்கப் புலவர்களில் நன்முல்லையார், நன்னாகையார், நப்பசலையார், நச்செள்ளையார் எல்லோரும் பெயருக்கு முன்னால் ‘நல்ல’ என்பதைச் சேர்த்துக்கொண்டவர்கள். நெடுஞ்செழியனில் ‘நெடு’வும் இளங்கோவில் ‘இள’வும் அப்படித்தான் முன்னால் நிற்கின்றன.

எதிர்காலம் என்ற பொருள் தவறு. ‘இனிமேல்’ என்பதில் வரும் ‘இனி’யோடு யாரோ குழப்பியிருக்கிறார்கள். அந்த இனி காலத்தைக் காட்டும் சொல். அதிலிருந்து ஆளைக் குறிக்கும் பெயர் வராது. பட்டியலில் ஒரு பெயருக்கு நேராகப் போட்டிருக்கும் ஒற்றைப் பொருளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘கடி’ என்ற ஒரே சொல்லுக்குத் தொல்காப்பியமே பத்துப் பொருள் சொல்கிறது. காவலும் அதில் உண்டு, அச்சமும் உண்டு. பக்கத்தில் வரும் சொல்தான் எந்தப் பொருள் என்று காட்டும். பெயருக்கோ பக்கத்துச் சொல் கிடையாது. அதனால் அகராதியைப் பாருங்கள். அப்புறம் அந்தச் சொல் பாட்டிலும் பேச்சிலும் எப்படி வந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

ஒரு சின்ன சிக்கல். முருகனை முருகா என்று கூப்பிடுவதுபோல, இனியனைக் கூப்பிட்டால் ‘இனியா’ என்றுதான் வரும். இன்று இனியா பெண் பெயராகப் பழகிவிட்டது, தவறில்லை. ஆனால் அக்காவும் தம்பியுமாக இரண்டு பெயரும் ஒரே வீட்டில் இருந்தால், ஒருவரைக் கூப்பிட இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெண்ணுக்கு ‘இனியாள்’ பற்றியும் யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன், மனதில் இருப்பதால். பண்பைப் பெயராக வைக்கும்போது வெண்மையையும் பொன்னையும் தேடிப் போகிற பெற்றோர், கருமை என்றால் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. மாயோன் கருப்பு. கிருஷ்ணன் என்றாலும் கருப்பு என்றுதான் பொருள். நிறத்தைப் பெயரில் வைத்தால் பிள்ளை வளர்ந்ததும் கண்ணாடியில் அதைத் தேடும். அழகைச் சொல்லும் பெயரிலும் இதே தொல்லை உண்டு. இனிமை அப்படி இல்லை. எந்த முகத்துக்கும் எந்த வயதுக்கும் அது பொருந்தும்.

பெயரை மாற்ற வேண்டாம். குழந்தை பிறந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.